பார்பரோ பிழைத்துவிடுமா? காலில் அறுவை சிகிச்சை, தொடர் செய்திகள்

தேக்கா வாசகன்
21 மே 2006, ஞாயிறு, காலை 8.40

ஆறு மணிக்கே எழுந்து இணையத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். இப்போது கை நடுங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பிம்லிக்கோ திடலில் நடந்த பிரீக்னெஸ் குதிரைப் பந்தயத்தில் பார்பரோவின் வலது பின்னங்கால் முறிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன், மே 6 அன்று, கென்டக்கி டெர்பியில் ஆறரைக் குதிரை நீளத்தில் வென்ற குதிரை இது. அறுபது ஆண்டுகளில் அந்தப் பந்தயத்தில் அப்படி ஒரு இடைவெளியை யாரும் பார்த்ததில்லை. அதுவரை ஓடிய ஆறு ஓட்டங்களிலும் வெற்றி. 1978க்குப் பிறகு எந்தக் குதிரையும் அங்குள்ள மூன்று பெரும் பந்தயங்களையும் (டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட்) ஒரே ஆண்டில் வென்றதில்லை. இது வெல்லும் என்று நானும் நம்பினேன்.

பிரீக்னெஸில் முதலில் தொடக்கக் கதவு திறக்கும் முன்பே முட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சோதித்துப் பார்த்து மறுபடி உள்ளே நிறுத்தினார்கள். பந்தயம் தொடங்கிச் சில வினாடிகள்தான். பார்வையாளர் மாடத்துக்கு எதிரிலேயே ஜாக்கி எட்கர் பிராடோ கடிவாளத்தை இழுத்து நிறுத்திக் கீழே குதித்துவிட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவமனைக்கு அதைக் கொண்டு சென்றிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் நம் சிங்கப்பூர்க் கிராஞ்சித் திடலில் ஜப்பானின் காஸ்மோ பல்க் குதிரை சர்வதேசக் கிண்ணத்தை வென்றதைப் பற்றி இங்கே மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

கிராஞ்சிச் சைஸ்
21 மே 2006, காலை 11.15

வேலை முடித்து இப்போதுதான் பார்த்தேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் நான்; இன்று லாயத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்தி வரும்போதெல்லாம் எல்லாரும் வலது காலைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் இடது பின்னங்காலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜூரோங் தம்பி
21 மே 2006, மதியம் 2.05

அண்ணன், ஒரு சந்தேகம். என் நண்பனுக்குக் காற்பந்து ஆடும்போது கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், சில மாதங்களில் நடந்துவிட்டான். குதிரைக்கு மட்டும் கால் முறிந்தாலே உயிர் போய்விடும் என்பது ஏன்? முதலாளிகளுக்குச் செலவு செய்ய மனம் இல்லையா?

கிராஞ்சிச் சைஸ்
21 மே 2006, இரவு 9.30

தம்பி, மனம் இல்லாத இடங்களும் உண்டு. ஆனால் அது மட்டும் காரணமில்லை.

பந்தயக் குதிரை ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடை. முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசை கிடையாது. எலும்பு, நரம்புக் கயிறு போன்ற தசைநாண்கள், மேலே மெல்லிய தோல், அவ்வளவுதான். ஓடுவதற்காகவே கால் அவ்வளவு இலேசாக அமைந்திருக்கிறது. எலும்பு உடைந்தால் கூரான முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சுற்றிலும் சதை இல்லாததால் இரத்த ஓட்டமும் குறைவு, ஆறுவது மெதுவாகத்தான்.

உங்கள் நண்பன் கட்டிலில் படுத்திருந்தான். குதிரை நின்றுகொண்டே தூங்கும் பிராணி. பல நாட்கள் படுத்தால் அதன் எடையே அதன் நுரையீரலையும் தசைகளையும் நசுக்கும். நடமாட்டம் இல்லாவிட்டால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும், அதிலேயே சாகும். ஆகவே அறுவை சிகிச்சை முடிந்த அன்றே குதிரை எழுந்து நின்றாக வேண்டும்.

நின்றால்? உடைந்த காலைத் தூக்கிக்கொண்டு, அதன் பங்குச் சுமையையும் எதிர்ப்பக்கக் காலில் போடும். குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. புத்தகத்தின் ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் அந்த எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. குதிரையின் முழு எடையும் அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. கால் மாற்றி மாற்றி நின்றால்தான் அங்கே இரத்தம் ஓடும். ஒரே காலில் நாள்கணக்கில் நின்றால் மடிப்புகள் வீங்கி, கிழிந்து, எலும்பு குளம்பை விட்டுக் கழன்று கீழே இறங்கும். லாமினைடிஸ் என்பார்கள். அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன். இன்று எழுத முடியவில்லை.

ஈசூன் செவிலி
21 மே 2006, இரவு 10.50

நான் மனிதர்களைப் பார்ப்பவள். எங்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகள் முறிவினால் போவதைவிட, படுத்த படுக்கையினால் வரும் நிமோனியாவிலும் படுக்கைப் புண்ணிலும் போவதுதான் அதிகம். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே எழுப்பி உட்காரவைப்பது அதனால்தான். அண்ணன் எழுதியதைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது.

தேக்கா வாசகன்
22 மே 2006, திங்கள், மதியம் 1.20

பார்பரோ நிற்கிறது!

நம் நேரப்படி விடியற்காலை முழுவதும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன். குளம்புக்கு மேலே உள்ள எலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்ததாம். அதற்கு மேலிருந்த நீண்ட எலும்பிலும் முறிவு, மூட்டின் பின்னாலிருக்கும் சிறிய எலும்பிலும் முறிவு. உலோகத் தகடு ஒன்றை வைத்து, இருபதுக்கும் மேற்பட்ட திருகாணிகளை முடுக்கி, அந்த மூட்டு இனி மடங்காதபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பிறகு பாரந்தூக்கியால் தூக்கி, கால்களுக்கு இரப்பர் உறைகள் உள்ள மிதவையில் வைத்து, வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் மயக்கம் தெளியவிட்டார்கள்.

ஏன் குளம் என்று தேடிப் பார்த்தேன். 1975இல் ரஃபியன் என்ற புகழ்பெற்ற பெண்குதிரைக்கு நியூயார்க்கில் முன்னங்கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளியும்போது இன்னும் பந்தயத்தில் ஓடுவதாக நினைத்ததுபோல் கால்களை உதைத்து, போட்ட மாவுக்கட்டையே உடைத்துக்கொண்டது. அன்றிரவே அதன் கதையை முடிக்க வேண்டியதாயிற்று. தண்ணீரில் என்றால் உதைத்தாலும் எதன் மீதும் மோதாது.

பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறார் ரிச்சர்ட்சன். எல்லாம் நன்றாக நடந்த பிறகும் அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை
22 மே 2006, இரவு 8.15

வருத்தத்தோடு எழுதுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

என் தந்தை பழைய புக்கிட் தீமா திடல் காலத்தில் குதிரைப் பந்தயம் கட்டியவர். சனி, ஞாயிறு என்றால் வீட்டில் இருக்க மாட்டார். சம்பள நாளில் அம்மா பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பார், அப்பா திடலுக்குப் போகும் முன் பிடித்துவிட வேண்டும் என்று. என் பள்ளிக் கட்டணத்தை மாமா கட்டினார். குதிரை என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒரு கெட்ட சொல்.

இப்போது கோடீசுவரர்கள் ஒரு குதிரையின் காலுக்கு இவ்வளவு செய்கிறார்கள் என்றதும் கோபம்தான் வந்தது. இனவிருத்திக்கு வைத்துக் காசு பார்ப்பார்கள், வேறென்ன?

கிராஞ்சிச் சைஸ்
22 மே 2006, இரவு 11.40

சகோதரி, உங்கள் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. திடலில் வெறுங்கையோடு வீடு திரும்பும் முகங்களை நானும் பார்க்கிறேன்.

காசு விஷயம் உண்மைதான், டெர்பி வென்ற ஆண்குதிரைக்கு மதிப்பு மிக அதிகம். ஆனால் இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஆண்குதிரை பெட்டைமேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது எடை முழுவதும் பின்னங்கால்களில். உடைந்ததோ பின்னங்கால். காசு ஒன்றே கணக்கென்றால் இது நல்ல கணக்கில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை என் பொறுப்பில் இருந்தது. காலைப் பயிற்சியில் முன்னங்கால் முறிந்தது. நான் ஓடிப்போய்த் தலைக்கயிற்றைப் பிடித்தேன். சுற்றிலும் திரை கட்டினார்கள். அது என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது; கேரட் அங்கேதான் வைத்திருப்பேன் என்று அதற்குத் தெரியும். அரை மணி நேரத்தில் வெறும் கயிற்றோடு லாயத்துக்கு நடந்தேன். அதன் தொட்டியில் நான் கலந்து வைத்த ஓட்ஸ் அப்படியே இருந்தது.

பந்தயம் கட்டியவர்களும் கட்டாதவர்களும் யார் செய்த பாவமாக இருந்தாலும், குதிரைக்கு அதில் பங்கில்லை.

உட்லண்ட்ஸ் ஆசிரியை
23 மே 2006, காலை 6.10

படித்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. இந்த இழையைத் தொடர்ந்து பார்ப்பேன்.

தேக்கா வாசகன்
15 ஜூன் 2006

முதல் மாவுக்கட்டை மாற்றியிருக்கிறார்கள். உள்ளே பார்க்க நன்றாக இருக்கிறதாம். மருத்துவமனை வாசலில் கேரட்டும் ஆப்பிளும் வாழ்த்து அட்டைகளும் குவிகின்றன. யாரோ பெயர் சொல்லாமல் நன்கொடை கொடுத்து, அந்த மருத்துவமனையின் மற்றப் பிராணிகளுக்கும் உதவும்படி பார்பரோ பெயரில் ஒரு நிதி தொடங்கியிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் மைக்கேல் மாட்ஸ் பற்றியும் படித்தேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குதிரைத் தாண்டலில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர். 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய விமானத்தில் அவரும் பயணி. புகைக்குள்ளிருந்து மூன்று குழந்தைகளை வெளியே கூட்டிவந்திருக்கிறார்.

கிராஞ்சிச் சைஸ்
15 ஜூன் 2006

இடது கால்?

தேக்கா வாசகன்
15 ஜூன் 2006

அதைப் பற்றிச் செய்தியில் குறை ஒன்றும் இல்லை, அண்ணன்.

ஜூரோங் தம்பி
9 ஜூலை 2006

ஊரெல்லாம் இன்றிரவு உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குக் காத்திருக்கிறது. நானும்தான். ஆனால் பார்பரோவுக்குக் காய்ச்சலாம், காலில் கிருமித் தொற்றாம், சில திருகாணிகளை மாற்றி நீளமான கட்டுப் போட்டிருக்கிறார்கள். வாசகன் அண்ணன் எங்கே?

தேக்கா வாசகன்
14 ஜூலை 2006, காலை 7.00

கிராஞ்சி அண்ணன் முதல் நாளே சொன்னது நடந்துவிட்டது.

இடது பின்னங்காலில் லாமினைடிஸ். குளம்புச் சுவரின் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். மறுபடி வளர மாதக்கணக்காகும். பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று ரிச்சர்ட்சன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வலி தாங்க முடியாமல் போனால் அன்றே முடிவெடுப்பார்களாம்.

ஜூரோங் தம்பி
14 ஜூலை 2006, காலை 9.25

இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. போதும், விட்டுவிடலாம். ஒரு காலில் உலோகம், மறு காலில் குளம்பே இல்லை. நாம் இங்கே உட்கார்ந்து நம்பிக்கை என்று எழுதுகிறோம், அங்கே நிற்பது அது. அதற்கு டெர்பி என்றால் என்னவென்று தெரியுமா? நாளை நலமாவோம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தெரியுமா? மனிதன் காரணம் அறிந்து வலியைப் பொறுக்கிறான். குதிரைக்கு வலி மட்டும்தான் இருக்கிறது.

ஈசூன் செவிலி
14 ஜூலை 2006, மதியம் 12.40

தம்பி சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் ஒன்று. அவர்களிடம் வலி மருந்து இருக்கிறது, தூக்குப் பட்டையில் தொங்கவிட்டுக் காலின் சுமையைக் குறைக்கும் வசதி இருக்கிறது. பேச முடியாத நோயாளிகளை நானும் பார்க்கிறேன். சாப்பாட்டைப் பார்த்ததும் அவர்கள் கண் எங்கே போகிறது, தொடும்போது கை இறுகுகிறதா தளர்கிறதா என்பதில்தான் எங்கள் முடிவுகள் இருக்கின்றன. அண்ணன், குதிரையிடம் அதை எப்படிப் பார்ப்பீர்கள்?

கிராஞ்சிச் சைஸ்
14 ஜூலை 2006, இரவு 10.05

காதுகள். வலி அதிகமானால் காதுகள் பின்னால் சாய்ந்தே இருக்கும், கண்ணுக்கு மேலே சுருக்கம் விழும், சுவரைப் பார்த்து நிற்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. தொட்டியில் தீனி மிஞ்சும்.

குளம்பைக் கைவைத்துப் பார்ப்போம், சூடாக இருக்கும். கணுவுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தால் நாடி துள்ளும். நலமான குதிரையில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் லாயக் கதவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது இதுதான்.

பார்பரோ தின்கிறான், ஆள் வந்தால் கதவுப் பக்கம் தலையை நீட்டுகிறான் என்று எழுதியிருக்கிறார்கள். தின்னும் குதிரையின் கதையை முடிக்க என் கை எழாது. தின்பதை நிறுத்திய பிறகு ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன். தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது; அந்த எல்லையை அங்கே பக்கத்தில் நிற்பவர்கள்தான் பார்க்க முடியும்.

தேக்கா வாசகன்
16 ஆகஸ்ட் 2006

வெளியே கூட்டிவந்து புல் மேயவிடுகிறார்கள்! நாள்தோறும் கொஞ்ச நேரம். மருத்துவர் ரிச்சர்ட்சனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தேன். அலுவலகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை
20 அக்டோபர் 2006, தீபாவளிக்கு முந்தின நாள்

புகைமூட்டத்தில் மாணவர்களைத் திடலுக்கு விட முடியவில்லை. கிராஞ்சியில் குதிரைகள் எப்படி மூச்சு விடுகின்றனவோ என்று நினைத்தேன். ஐந்து மாதங்களுக்கு முன் எனக்கு இப்படி ஒரு நினைவு வந்திருக்காது.

முறுக்குச் சுடும்போது அப்பாவிடம் பார்பரோவைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு புக்கிட் தீமாவில் ஒரு மழை நாளில் கண்முன்னால் விழுந்த குதிரையைப் பற்றிச் சொன்னார். அதன்மேல் அவர் காசு கட்டியிருந்தார். விழுந்ததும் முதலில் காசைத்தான் நினைத்தாராம். அதை இத்தனை வருடங்களாக மறக்க முடியவில்லை என்றார். என் தந்தை என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று கேட்டதுபோல் இருந்தது.

கிராஞ்சிச் சைஸ்
8 நவம்பர் 2006

வலது காலின் மாவுக்கட்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள் என்று வாசகன் தொலைபேசியில் சொன்னார். ஐந்தரை மாதம். எலும்பு சேர்ந்துவிட்டது. அப்படி நொறுங்கிய காலைச் சேர்த்தது பெரிய வேலை, அந்தக் கைகளை வணங்குகிறேன்.

என் பொறுப்பில் இருக்கும் நான்கு வயதுக் குதிரைக்கும் போன மாதம் முன்னங்காலில் மயிரிழை விரிசல், இரண்டு திருகாணி போட்டிருக்கிறது. பார்பரோவோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம். மூன்று மாதம் லாயத்தை விட்டு வெளியே வரக்கூடாது. அவனுடைய மற்ற முன்னங்காலுக்கும் நான் பஞ்சு வைத்துக் கட்டுகிறேன், தரையில் மரத்தூளை ஆழமாகப் போட்டிருக்கிறேன்.

தேக்கா வாசகன்
11 ஜனவரி 2007

டிசம்பர் முழுவதும் நல்ல செய்தி. மருத்துவமனையை விட்டுப் போகும் நாள் நெருங்கிவிட்டது என்று பேச்சு. இப்போது இடது குளம்பு மறுபடி பிரிந்திருக்கிறது. சேதமான பகுதியை வெட்டி எடுத்துத் திரும்பவும் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஈசூன் செவிலி
28 ஜனவரி 2007

சனிக்கிழமை மறுபடி அறுவை சிகிச்சை. இடது கால் வலிக்கிறது என்று சுமையை வலது காலில் போட்டதால் அந்தக் குளம்பில் சீழ் பிடித்திருக்கிறது. எலும்பில் கம்பிகளைச் செருகி, வெளியே சட்டம் கட்டி, எடை குளம்பில் இறங்காமல் பார்த்திருக்கிறார்கள். இனி அது எந்தக் காலில் நிற்கும்?

கிராஞ்சிச் சைஸ்
28 ஜனவரி 2007

முன்னங்கால்களில்.

தேக்கா வாசகன்
30 ஜனவரி 2007, நள்ளிரவு 12.50

முடிந்துவிட்டது. நம் நேரப்படி நேற்றிரவு பதினொன்றரை மணி அளவில், மருந்து செலுத்தி அமைதியாக அனுப்பிவிட்டார்கள். முன்னங்கால்கள் இரண்டிலும் லாமினைடிஸ் வந்துவிட்டது. நிற்பதற்கு நல்ல கால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அங்கே அதற்கு முந்தின இரவு முதல் முறையாக அது அமைதி இழந்து தவித்ததாம். உரிமையாளர்கள் ராய், கிரெட்சன் ஜாக்சன் இருவரும் மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள். ரிச்சர்ட்சன் பேசும்போது அழுதிருக்கிறார்.

27 திருகாணிகள் போட்ட அந்த வலது காலின் எலும்பு கடைசிவரை சேர்ந்தேதான் இருந்தது.

ஜூரோங் தம்பி
30 ஜனவரி 2007, காலை 7.15

ஜூலையில் விட்டுவிடலாம் என்று எழுதினேன். ஆகஸ்டில் அது புல் மேய்ந்த படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன். நான் சொன்னபடி நடந்திருந்தால் அந்தப் புல் அதற்குக் கிடைத்திருக்காது. நான் சொன்னது தவறு என்றும் இன்று என்னால் எழுத முடியவில்லை. எட்டு மாதம் எட்டு நாள்.

கிராஞ்சிச் சைஸ்
30 ஜனவரி 2007, காலை 11.30

லாயத்தில் காலையில் சொன்னேன். மலாய்க்கார நண்பர் ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியாகத் தவிப்பு ஓர் இரவோடு நின்றது. அதற்குமேல் இழுக்காமல் விட்டார்கள், அதற்கு நன்றி.

உட்லண்ட்ஸ் ஆசிரியை
31 ஜனவரி 2007, இரவு 9.00

நாளை தைப்பூசம். அப்பா இந்த ஆண்டும் பால்குடம் எடுக்கிறார். இந்த இழையை முதலிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களிடம் கேட்கச் சொன்னார், அண்ணன். உங்கள் குதிரையின் மற்றக் கால் எப்படி இருக்கிறது?

கிராஞ்சிச் சைஸ்
31 ஜனவரி 2007, இரவு 9.40

சூடு இல்லை. நாடியைத் தேடித்தான் பிடித்தேன். இன்று காலை பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்தினேன், நான்கு காலையும் சமமாக வைத்தான். அப்பாவிடம் சொல்லுங்கள்.